எட்டரை மணிக் கூட்டம்

கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டிப் பாலத்தில் ஏறும்போதுதான் ஆஸ்பத்திரிச் சட்டையோடு வந்துவிட்டதைக் கவனித்தேன். இளம்பச்சைச் சட்டை. நெஞ்சில் ஒரு பல் படம் தைத்திருக்கும். என் சொந்தச் சட்டை தல்லாகுளத்தில், நான் ஒன்றரை வருடம் வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்குக் கீழே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலைக் கூட்டம் முடிந்ததும் டீ வாங்கி வரச் சொன்னார்கள். கடையில் பிளாஸ்கைக் கொடுத்து, நிரப்பி நீங்களே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தெற்கே பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தேன்.

நான் எந்த வேலையிலிருந்தும் சொல்லிக்கொண்டு வந்தவனில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்தும் அப்படித்தான் வந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் ரப்பர் தோட்டம், ஆந்திராவில் போர்வெல் போடும் வண்டி, நாக்பூர் வரை போன லாரியில் கிளீனர். ஒரு இடத்தில் காய்ச்சல், ஒரு இடத்தில் அடி, ஒரு இடத்தில் இரண்டுமே. கிளம்பி நடந்துவிட்டால் சரியாகிவிடும் என்பது என் அனுபவம். அன்று பாலத்தின் நடுவில் நின்று, தண்ணீரில்லாத வைகையில் ஆகாயத்தாமரை காய்ந்து கிடப்பதைப் பார்த்தபோது, இந்த முறை அது நடக்காது என்று தெரிந்தது. அதுவரை யாராவது என்னை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயந்து ஓடியிருக்கிறேன். இப்போது நான் ஒருவருக்குச் செய்துவிட்டு வந்திருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம், கிருமி போகும் அளவுக்கு வேகாத குறட்டால் ஒரு அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். கருவிகளைக் கழுவி, வேகவைத்து, எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் குறடு வேகவில்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.

அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் பிடுங்கிய கருவிகளை பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, மருந்துத் தண்ணீரில் ஊறப் போட்டு, துடைத்துத் துணியில் பொதிந்து, மேலே ஒரு டேப் ஒட்டி ஆட்டோகிளேவுக்குள் அடுக்குவேன். பெரிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும். டேப்பில் மங்கலான கோடுகள் உண்டு. உள்ளே வேண்டிய சூடு வேண்டிய நேரத்துக்கு இருந்தால் கோடு கறுத்துவிடும். அங்கே பதினைந்து வருடமாக டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர், நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவர், முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்.

“கோடு கறுத்தா குடு. கறுக்கலைன்னா டாக்டரே கெஞ்சுனாலும் குடுக்காத. அம்புட்டுதான் இந்த வேலை.”

அம்புட்டுதான் வேலை. ஒன்றரை வருடம் அதில் நான் பிசகியதில்லை. எனக்குச் சிரமமாக இருந்தது கூட்டம்தான்.

தினமும் காலை எட்டரைக்கு ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, எல்லோரும் வட்டமாக நிற்போம். டாக்டர், அக்கா, ரிசப்ஷனில் இருக்கும் பெண், பெருக்கித் துடைக்கும் அம்மா, நான். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவரும் நிற்பார். முதலில் அன்று வரப்போகிறவர்களின் பட்டியல். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, யார் ஊசியைப் பார்த்தால் மயங்குவார்கள். அது முடிந்ததும் பேனா மூடியைத் திறந்துகொண்டு கேட்பார்:

“நேத்து என்ன தப்பு?”

ஒவ்வொருவரும் தன் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது. “ஒண்ணுமில்லைன்னா நீங்க பாக்கலைன்னு அர்த்தம்” என்பார். சத்தம் போட மாட்டார். எங்கள் எல்லோரையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். எனக்கு அதுவே பயமாக இருக்கும். என்னை மரியாதையாகக் கூப்பிட்டுத் தப்பைக் கேட்டவர்கள் அதற்கு முன் யாருமில்லை. திட்டினால் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். பெரிய தப்பு என்று அவருக்குப் பட்டதைக் கருவி அறையில் இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பார். ஒரு வாரம் அழிக்க மாட்டார்.

என் அப்பாவுக்கு நிலம் கிடையாது. விடிந்ததும் நிலம் உள்ளவர் வீட்டு வாசலில் மற்றவர்களோடு போய் நிற்பார். இன்று யாருக்கு வேலை, நேற்று யார் என்ன கெடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் சொல்லப்படும். இந்த டாக்டர் அப்படிப்பட்டவர் இல்லை. என் கால்களுக்கு அது தெரியவில்லை. எட்டே கால் ஆனால் வாசல் பக்கம் நகர ஆரம்பித்துவிடும்.

இந்தப் பயம் எனக்கு மட்டும் என்றில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. கூட்டத்துக்கு முன்னால் மாடிப்படிக்குக் கீழே நின்று தப்புகளைப் பங்கு வைத்துக்கொள்வோம். கையிருப்பில் எப்போதும் நாலைந்து சின்னத் தப்புகள் இருக்கும்.

“அண்ணே, இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே சிக்கல. ஏதாச்சும் ஒண்ணு குடுங்க” என்பாள் ரிசப்ஷன் பெண்.

“வாஷ்பேசின்ல சோப்பு தீந்துருச்சு. எடுத்துக்க.”

“சோப்பு போன வாரந்தான சொன்னேன். நம்ம எல்லாம் சோப்பத் திங்கிறோம்னு டாக்டர் நெனச்சுக்குவாங்க.”

“ஃபேன் கிறீச்சுங்குதுல்ல, அத வச்சுக்கடி” என்பார் அக்கா. “எனக்குப் பஞ்சு இருக்கு. ஏப்பா, நீ என்ன சொல்லப் போற?”

“டவல் காயலக்கா.”

“நல்ல தப்பு. அத இன்னைக்கே சொல்லித் தீத்துறாத. திங்கக்கிழமைக்கு வை.”

பெருக்கும் அம்மா ஒருமுறை, தான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்ததைச் சொல்லலாமா என்று கேட்டார். அதெல்லாம் தப்பாம்மா என்று நாங்கள் சிரித்தோம். கூட்டத்தில் அதையே சொன்னார். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இப்படித்தான் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. யாருக்காவது உண்மையாகவே ஏதாவது கெட்டுப்போயிருந்தால், அவருக்கு இருப்பதிலேயே நல்ல சின்னத் தப்பாகப் பார்த்துக் கொடுப்போம். கூட்டம் நன்றாக நடக்கிறது என்று டாக்டர் நம்பினார். நாங்களும் கிட்டத்தட்ட நம்பினோம்.

அந்த அம்மா வருவதற்குச் சில நாள் முன்னால் பலகையில் என் தப்பு ஏறியது. ஒரு நோயாளிக்கு மரத்துப்போக ஊசி போட்ட பிறகு வேண்டிய குறடு தயாராக இல்லை. ஆட்டோகிளேவுக்குள் இருந்தது. கோடு கறுக்கும் வரை காத்திருந்து எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் கூட்டத்தில் டாக்டர் என்னைப் பார்த்தார்.

“மரத்துப் போன வாயோட ஒருத்தர் பன்னெண்டு நிமிஷம் உக்காந்திருந்தாங்க. இனிமே இது நடக்காம இருக்க என்ன செய்யப் போறீங்க?”

“நடக்காது மேடம்.”

“அது பதில் இல்ல.”

பலகையில் எழுதினார்: நோயாளி காத்திருந்தது பன்னிரண்டு நிமிடம், கருவி அறை. அந்த அறையில் நான் ஒருவன்தான் வேலை பார்த்தேன். ஒவ்வொரு முறை கருவி கழுவத் திரும்பும்போதும் அது கண்ணில் படும். தண்ணீர்க் குழாயைத் திறந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பலகையில் அது அழிவதற்குள் அந்த அம்மா வந்தார். கோர்ட் பக்கம் உட்கார்ந்து மனு டைப் அடித்துக் கொடுப்பவர். ஐம்பதைத் தாண்டியிருக்கும், சர்க்கரை உண்டு. தண்ணீர் கேட்டார், கொண்டுபோய்க் கொடுத்தேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஊசி வலிக்குமா?”

“எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா.”

“ஒங்களுக்குப் போட்டுருக்காங்களா?”

“இல்லம்மா. எறும்புதான் கடிச்சுருக்கு.”

சிரித்துவிட்டார். சிரித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அன்று கரண்ட் இரண்டு முறை போனது. விளக்கும் நாற்காலியும் இன்வெர்ட்டரில் ஓடும், ஆட்டோகிளேவ் ஓடாது. நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து நேரம் பார்க்க வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அன்று நான் முன்னால் ஓடிய நேரத்தையும் பின்னால் ஓடிய நேரத்தையும் கூட்டிக்கொண்டேன். கூட்டினால் சரியாக வந்தது. அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ஏப்பா, குறடு! ஊசி போட்டாச்சு.”

மூடியைத் திறந்தேன். கோடு கறுக்கவில்லை. பழைய மங்கலிலும் இல்லை. நனைந்த சிமெண்ட் நிறத்தில் இருந்தது. அந்தப் பல்லுக்கு வேறு குறடு இல்லை. இந்தக் குறட்டால் காலையில்தான் ஒரு பெரியவருக்குப் பல் எடுத்திருந்தார்கள். பலகையைப் பார்த்தேன். மறுபடி போட்டால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேலே ஆகும்.

டேப்பைக் கிழித்துச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பொதியை மட்டும் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

கரண்ட் போனது என் தப்பில்லை. கூட்டிப் பார்த்ததைக்கூட அவசரம் என்று சொல்லலாம். டேப்பைக் கிழித்ததற்கு அப்படி ஒரு பெயரும் இல்லை. அக்கா பார்த்துவிடக் கூடாது என்று கிழித்தேன். என் கை அதை என்னைக் கேட்காமலே செய்தது போல இருந்தது. கை யாருடையது?

ஐந்து நிமிடத்தில் பல் வந்துவிட்டது. அந்த அம்மா பஞ்சைக் கடித்துக்கொண்டு, பேச முடியாமல், வாசலில் என்னைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று இரவு தூக்கமில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் மறுநாள் கூட்டத்துக்குப் போனேன். படிக்குக் கீழே யாரிடமும் தப்பு கேட்கவில்லை. என் முறை வந்தது.

“நேத்து சாயங்காலம் ரெண்டு தடவ கரண்ட் போச்சு மேடம். ஆட்டோகிளேவ் நின்னு நின்னு ஓடுச்சு.”

மூச்சு வாங்க நிறுத்தினேன். அடுத்த வரி டேப்பைப் பற்றியது. அதற்குள் டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

“இதுதான் எனக்கு வேணும். சோப்பு, பஞ்சு எல்லாம் சரி. இந்த மாதிரி பாத்துச் சொல்லணும். இன்வெர்ட்டர் ஆளக் கூப்பிட்டு மெஷினுக்கும் லைன் குடுக்க முடியுமான்னு கேளுங்க.” அக்கா பக்கம் திரும்பினார். “நீங்க?”

ரிசப்ஷன் பெண் எனக்கு நேரே நின்றவள், பிரமாதம் என்று கண்ணைக் காட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அக்கா பஞ்சைச் சொன்னார். கூட்டம் முடிந்தது. பத்து நிமிடம் கழித்து பிளாஸ்கோடு வெளியே வந்தேன்.

சிம்மக்கல் தாண்டியதும் வழியில் போன ஒரு தாத்தா என் சட்டையைப் பார்த்து நிறுத்தினார்.

“தம்பி, பல் ஆஸ்பத்திரியா?”

பதில் சொல்வதற்குள் வாயைத் திறந்து ஒரு பல்லை விரலால் ஆட்டிக் காட்டினார். “இது ஒரு மாசமா ஆடுது. இத எடுக்கலாமா, விட்டா தானா விழுந்துருமா?”

“டாக்டர்ட்டதான்யா கேக்கணும்.”

“ஒங்க ஆஸ்பத்திரி எங்கன இருக்கு? நல்லாப் பாப்பாங்களா?”

நல்லாப் பாப்பாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். “தெரியாமயா சட்டையப் போட்டுருக்க?” என்று அவர் பின்னால் கேட்டது காதில் விழுந்தது. நின்றிருந்த ஒரு லாரிக்கு அந்தப் பக்கம் போய்ச் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை போன் இரண்டு முறை அடித்தது. ரிசப்ஷன் பெண். எடுக்கவில்லை. வில்லாபுரத்தில் மறுபடி அடித்தது. போலீஸ் வண்டி ஒன்று தன் பாட்டுக்குக் கடந்து போகும்வரை ஒரு கடை போர்டுக்குப் பின்னால் நின்றேன். வெயில் ஏறிவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தால் யோசனை வரும் என்று நடந்தேன். நடந்தாலும் வந்தது. முந்தின நாள் காலையில் அந்தக் குறட்டால் பல் எடுத்த பெரியவர் யார், அவர் உடம்பில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தின் வழியாகப் பரவும் நோய்களைப் பற்றி அக்கா சொல்லியிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவை பல மாதம் வெளியே தெரியாது என்பதும்.

அவனியாபுரத்தில் லாரிப் பட்டறை ஒன்றில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். நாக்பூர் லாரியில் என்னோடு கிளீனராக இருந்தவன். போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம். வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“என்ன மாப்ள, சட்டைய மாத்திப் போட்டுருக்க? எங்கயாச்சும் சுவரேறிக் குதிச்சயா?”

பக்கத்துக் கடையில் உட்கார வைத்துத் தயிர்ச்சாதம் வாங்கிக் கொடுத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“அம்புட்டுத்தானா? நான் யாரையோ வெட்டிப் போட்டு வந்துட்டியோன்னு நெனச்சேன்.”

“விளையாடாத மாப்ள.”

“சோப்பு போட்டுக் கழுவுனேல்ல? மருந்துல ஊறப் போட்டேல்ல? பாதி நேரம் வெந்துருச்சுல்ல? ஓட்டல்ல டம்ளர் கழுவுறத விட நீ நல்லாத்தான் கழுவிருக்க.”

“டம்ளர் ரத்தத்துல படாதுடா. நேத்துக் காலைல அதே குறட வேற ஒருத்தருக்கு வச்சது.”

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். “அவருக்கு ஏதாச்சும் இருந்தா இந்தம்மாவுக்கு வருமா?”

“வரலாம். வராமயும் போகலாம்.”

“அந்தம்மாவுக்கு எப்பத் தெரியும்?”

“யாராச்சும் சொல்லி ரத்தம் குடுத்துப் பாத்தாத்தான். இல்லைன்னா தெரியவே தெரியாது, முத்துற வரைக்கும்.”

இலையை மடித்தான். “சொன்னா ஒன்ன உள்ள வச்சுருவாய்ங்க மாப்ள.”

“தெரியல.”

“அந்த அக்கா வேலையும் போகும்.”

“போகும்.”

“அப்ப சொல்லாத.” எழுந்து கை கழுவப் போனவன் திரும்பி வந்தான். “நாளைக்குக் காலைல பட்டறைக்கு வா. எங்க முதலாளி ஆளு கேட்டுக்கிட்டே இருக்காரு. இங்க கூட்டம் கீட்டம் ஒரு மண்ணும் கெடையாது. ஒன்பது மணிக்கு வந்தமா, ஸ்பேனரத் தூக்குனமான்னு இருக்கலாம்.”

மூன்று மணிக்கு ரிசப்ஷன் பெண் மறுபடி அடித்தாள். இந்த முறை எடுத்தேன்.

“அண்ணே, எங்கண்ணே போனீங்க? டீ மட்டும் நடந்து வருது, ஆளக் காணோம். டாக்டர் கேட்டாங்க. ஒங்க வீட்டுல யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னு சொல்லி வச்சுருக்கேன். யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

“நேத்து பல்லெடுத்த அம்மா, மனு டைப் அடிக்கிறவங்க. போன் பண்ணாங்களா?”

“பண்ணாங்களே. வலியே இல்லையாம். தண்ணி குடுத்த தம்பிக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. எறும்ப விடக் கம்மியாத்தான் கடிச்சுச்சுன்னு சொன்னாங்க. என்னண்ணே எறும்பு?”

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“அண்ணே? லைன்ல இருக்கீங்களா? நாளைக்கு நீங்க வரலைன்னா அந்தக் கரண்டு தப்ப நான் எடுத்துக்கிறவா? டாக்டருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. இன்வெர்ட்டர் ஆளு வரலைன்னு சேத்துச் சொன்னா ஒரு வாரத்துக்கு ஓட்டலாம். நீங்க வந்தப்புறம் டவலச் சொல்லிக்கங்க.”

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. உதவியாகச் சொன்னாள். படிக்குக் கீழே ஒன்றரை வருடம் நாங்கள் செய்ததைத்தான் சொன்னாள். நாளை அவள் அதைச் சொல்வாள், டாக்டர் எழுதிக்கொள்வார், இன்வெர்ட்டருக்கு ஒயர் இழுப்பார்கள். அந்த அம்மாவின் வாய்க்குள் என்ன போனது என்று அத்தோடு யாரும் கேட்க மாட்டார்கள்.

“நாளைக்குக் கூட்டம் ஆரம்பிக்கிறப்ப நான் போன் போடுறேன்” என்றேன். “ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் கேக்குற மாதிரி வை.”

“லீவு சொல்லவா? அதுக்கு எதுக்குண்ணே ஸ்பீக்கர்?”

“வைப்பியா மாட்டியா?”

“வைக்கிறேன். ஏண்ணே, ஒங்க கொரலே ஒரு மாதிரியா இருக்கு.”

அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் பயந்து அக்காவிடம் சொல்வாள், இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சின்னதாக்க வழி பார்ப்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. இன்னொரு இரவு தள்ளிப்போட ஆசைப்பட்டேன்.

அந்த இரவைப் பட்டறையில் கழற்றிப் போட்டிருந்த ஒரு லாரி சீட்டில் படுத்துக் கழித்தேன். விடிந்ததும் கூட்டாளி தன் சட்டை ஒன்றைக் கொடுத்தான். எட்டே கால் ஆனதும் கால்கள் வழக்கம்போல் வாசல் பக்கம் நகர்ந்தன. அங்கே யாரும் வட்டமாக நிற்கவில்லை, என்னை யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இருந்தும் நகர்ந்தன. ஷேர் ஆட்டோ சத்தம் கேட்காத ஒரு காம்பவுண்டு சுவர்ப் பக்கம் போய் நின்று, எட்டரை ஆனதும் போன் போட்டேன்.

“ஸ்பீக்கர்ல வச்சுட்டேண்ணே” என்றாள் அவள் மெதுவாக. நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர்.

“சொல்லுங்க. வீட்டுல யாருக்கு முடியல?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல மேடம். நேத்து நான் பாதிதான் சொன்னேன்.”

மீதியைச் சொன்னேன். கரண்ட் போன நேரத்தைக் கூட்டியதை, கோடு இருந்த நிறத்தை, டேப்பைக் கிழித்ததை. எத்தனை நிமிடம் பேசினேன் என்று தெரியாது. லைன் போய்விட்டதோ என்று ஒருமுறை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

டாக்டர் முதலில் ஏதோ சௌராஷ்டிரத்தில் சொன்னார். அது அவர் வீட்டில் பேசும் மொழி. அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும்தான் அதைக் கேட்டிருக்கிறேன். எங்களில் யாருக்கும் புரியாது. அவர் குரலில் நான் அதுவரை கேட்காத ஒன்று இருந்தது. அவருக்கும் பயம்.

“எந்தக் குறடு?”

சொன்னேன்.

“அதுல முன்னாடி யாருக்கு எடுத்தது?”

“அன்னைக்குக் காலைல முத ஆளு மேடம். பெரியவர்.”

“அந்தப் பொதியில இருந்து வேற எதையும் வேற யாருக்காவது எடுத்தீங்களா?”

“இல்ல மேடம். அப்புறம் எல்லாத்தையும் மறுபடி போட்டு எடுத்துட்டேன். கோடு கறுத்துச்சு.”

“இத முந்தாநாள் சாயங்காலமே சொல்லிருந்தா அப்பவே நோய் வராம இருக்க ஊசி போட்டுருக்கலாம். எவ்வளவு சீக்கிரம் போடுறமோ அவ்வளவு நல்லது. ஒண்ணரை நாள் போயிருச்சு.”

பாலம், சிம்மக்கல், வில்லாபுரம், தயிர்ச்சாதம், லாரி சீட்டு எல்லாம் அந்த ஒன்றரை நாளுக்குள் இருந்தன.

“மேடம்.” அக்காவின் குரல். “பொதி டேப் இல்லாமத்தான் வந்துச்சு. கையில வாங்குனப்பவே தெரிஞ்சது. நான் கேக்கல.”

“ஏன் கேக்கல?”

“ஊசி போட்டாச்சு மேடம். போர்டுல பன்னெண்டு நிமிஷம்னு இருந்துச்சு.”

பெருக்கும் அம்மா இருமினார். பேனா மூடியை யாரோ மூடும் சத்தம் கேட்டது.

“சரி” என்றார் டாக்டர். “பேஷண்டு ரெண்டு பேரையும் நானே கூப்பிட்டுப் பேசுறேன். பெரியவருக்கு இன்னைக்கே ரத்தம் எடுக்கணும், அந்தம்மாவுக்கும் எடுத்துட்டு ஊசியும் போடணும். அப்புறம் மாசக்கணக்குல திரும்பத் திரும்பப் பாக்கணும்.” ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு போனைக் கையில் எடுத்திருப்பார் போல, குரல் பக்கத்தில் வந்தது. “நீங்க இனிமே இங்க வேலைக்கு வர வேண்டாம்.”

“சரி மேடம்.”

“ஆனா அந்தம்மாவ கோர்ட் வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு வரச் சொல்லப் போறேன். அப்ப நீங்க இங்க இருக்கணும். என்ன நடந்ததுன்னு நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல இருப்பேன். அவங்க போலீசுக்குப் போகணும்னா போவாங்க. அது அவங்க இஷ்டம். என் மேலயும் போகலாம். வருவீங்களா?”

ஓடிப்போகிறவனிடம் கேட்பது போல அவர் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

“வாரேன் மேடம்” என்றேன்.

பட்டறை முதலாளி ஒன்பது மணிக்கு வந்தார். கூட்டாளி என்னை முன்னால் தள்ளினான்.

“என்ன வேலை தெரியும்?”

“கிளீனரா இருந்தேண்ணே. கழுவுற வேலை, தூக்குற வேலை, எதுனாலும் செய்வேன்.”

“கடைசியா எங்க இருந்த?”

“தல்லாகுளத்துல ஒரு பல் ஆஸ்பத்திரியில. நேத்தோட போச்சு.”

“ஏன் போச்சு?”

கூட்டாளி என் காலை மிதித்தான். “தப்பு பண்ணிட்டேண்ணே” என்றேன். “அது விஷயமா இன்னைக்கு நாலு மணிக்கு நான் கிளம்பணும். அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும்.”

“வந்த மொத நாளே நாலு மணிக்குக் கிளம்புறியா?” என்று கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தார். “நல்ல ஆளாப் பாத்துக் கூட்டியாந்த.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நாளைக்கு வருவியா?”

“வெளிய இருந்தா வாரேண்ணே.”

லாரியிலிருந்து கழற்றிய பேரிங்குகள் ஒரு சாக்கில் கிரீஸ் அப்பிக் கிடந்தன. ஒரு சட்டியில் டீசலும் ஒரு பிரஷும் கொடுத்து நிழலில் உட்காரச் சொன்னார். முதல் பேரிங்கை டீசலில் போட்டேன். கறுப்பு மெதுவாகக் கரைந்து வந்தது. மணி ஒன்பதேகால்.